கீழ் வீட்டில் ஆள் இருக்கிறது

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை அச்சுக்கு அடிக்கப் போகிற பிள்ளை என்னைத் திட்டாமல் இருக்க வேண்டும். ஓர் எழுத்து பெரிதாக இருக்கும், அடுத்தது சுருங்கிப் போயிருக்கும். வரி போகப் போகக் கீழே இறங்கும். எழுபது வயதுக்குப் பிறகு எழுதப் பழகிய கை இது. ஒரு பக்கம் முடிக்க ஒரு பின்னேரம் போய்விடுகிறது. ஆனாலும் எழுதி முடித்த சொல்லைத் திரும்ப வாசித்தால் அது நான் நினைத்ததையே சொல்கிறது. உங்களில் பலருக்கு இந்தச் சந்தோஷம் சின்ன வயதிலேயே வந்து, வந்ததும் மறந்து போயிருக்கும். எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. அதைத் தந்த மனிதரைப் பற்றியே எழுத வேண்டியதாகிவிட்டது.

நல்லதம்பி அண்ணையின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடப் போவதாகச் சொல்லி, அவருடைய மகள் சாந்தி என்னையும் எழுதக் கேட்டாள். படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன். "அப்பாவைப் பற்றி எல்லாரும் எழுதுவினம் மாமா. அந்த ஊரைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். அந்த ஊர் என்று அவள் சொன்னது யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் ஊரை இல்லை. ஜேர்மனியில் மலைக்கு மேலே இருக்கிற ஒரு சிறிய ஊரை.

அவர் இறந்த செய்தி எனக்குச் சுவர் வழியாக வந்தது. லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. சாந்தியின் குசினிக்கும் என் மகன் மோகன் வீட்டுக் குசினிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தேத்தண்ணி போட்டால் அண்ணை அந்தச் சுவரில் கரண்டியால் தட்டுவார். நான் போவேன். அன்று காலையும் தட்டிக் கேட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பதை மறந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது சாந்தி. "அப்பா போயிட்டார் மாமா. உங்களுக்கு டெலிபோனில சொல்ல மனம் வரேல்லை. அதான் தட்டினன்" என்றாள். நான் ஓம் என்றேன். கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்தினேன். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். சீனி போட்டேனா இல்லையா என்று தெரியாமல் திரும்பவும் போட்டேன். அவள் அதைக் குடித்தாள்.

அன்றிலிருந்து இன்று வரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. குளிரில் நெடுநேரம் வெளியே நின்றால் விரல்கள் இருக்கும், ஆனால் நம்முடையவை போல இருக்காது. அப்படித்தான் இருக்கிறது. எழுதும்போது மட்டும் கொஞ்சம் உணர்ச்சி வருகிறது, அதுவும் கைக்கு.

அவரோடு பழகிய எல்லாருக்கும் தெரியும், அவர் "எங்கட ஊர்" என்று தொடங்கினால் எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது, "எங்கட ஊரில இப்ப பனி கொட்டத் துவங்கியிருக்கும்" என்பார். முன்னால் நிற்கிற பெடியன் திரும்பி, "என்ன அண்ணை, பருத்தித்துறையிலயோ பனி?" என்று கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் கதையை நிறுத்த மாட்டார். அதனால்தான் அவருக்கு 'ஜேர்மன் அண்ணை' என்ற பெயர் வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் இருந்தன. அவை அவருக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில், நாட்டில் பிரச்சினை முற்றியபோது, பேர்லின் வழியாக ஜேர்மனிக்குள் போனவர்களில் அவரும் ஒருவர். அரசாங்கம் அவரையும் இன்னும் சில பெடியன்களையும் அந்த மலையூரின் பழைய விடுதி ஒன்றில் கொண்டுபோய் விட்டது. விடுதிக்காரர் பட்டணத்தில் இருந்தார். சுற்றிவர ஊசியிலைக் காடு, ஒரு தெரு, அதன் இரு பக்கமும் வீடுகள். பஸ் காலையில் வரும், பின்னேரம் வரும். பெடியன்கள் ஒவ்வொருவராகப் பாரிசுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஓடி ஓடிக் களைச்சுப் போனன், மார்க்கண்டு. அங்க ஒருத்தரும் ஓடேல்லை" என்றார். சாந்தி லண்டனுக்குக் கூப்பிடும் வரைக்கும் ஆறேழு மாரிக் குளிரை அவர் அந்த விடுதியில் தனியே கழித்தார்.

அந்த ஊரின் சரித்திரத்தை அவர் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார். நான் இங்கே ஒழுங்காகச் சேர்த்து எழுதப் பார்க்கிறேன். முதலில் அங்கே ஊரே இல்லை, காடுதான். கண்ணாடி வார்க்கிறவர்கள் விறகுக்காக மலையேறி வந்து சூளை போட்டார்கள். மரத்தை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலையும் மணலையும் சேர்த்து உருக்கினால்தான் கண்ணாடி வருமாம். சுற்றியிருந்த காட்டை எரித்து முடித்ததும் சூளைக்காரர்கள் அடுத்த காட்டுக்குப் போய்விட்டார்கள். போக வசதி இல்லாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இப்போது இருப்பவர்கள். "விட்டிட்டுப் போன ஆக்களின்ர ஊர் இல்லை அது. போகேலாமல் நிண்ட ஆக்களின்ர ஊர். அதான் எனக்குப் பிடிச்சுது" என்பார்.

பிறகு ஒரு தீ. ஊர் முழுவதும் எரிந்தது. கல்லால் கட்டிய பொது அடுப்பு மட்டும் மிஞ்சியது. வீடுகளைத் திரும்பக் கட்டும் வரை அந்த அடுப்புக் கட்டடத்துக்குள்ளேதான் ஊரே படுத்து எழும்பியதாம். அந்த அடுப்பில் இன்னமும் கிழமைக்கு ஒரு நாள் எல்லா வீட்டாரும் மாவைப் புளிக்க வைத்துப் பாண் சுடுகிறார்கள். முதலில் சுடுகிற வீட்டுக்கு விறகு நிறையச் செலவாகும், ஏனென்றால் குளிர்ந்து கிடக்கிற கல்லைச் சூடாக்க வேண்டும். பிறகு வருகிறவர்களுக்கு இலேசு. அதனால் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீடு முதலில் மூட்ட வேண்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். அவருடைய விடுதிக்கும் ஒரு முறை வந்தது. அவருக்குப் பாண் சுடத் தெரியாது. ஆனாலும் காட்டில் விறகு பொறுக்கி, விடியுமுன் போய் அடுப்பை மூட்டிவிட்டு, கோதுமை மாவில் ரொட்டி தட்டிப் போட்டாராம். பெண்கள் வந்து அந்த ரொட்டியைப் பிய்த்துப் பார்த்து, இது ஏன் எழும்பவில்லை என்று கவலைப்பட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் சிரிப்பார்.

அந்த ஊர் வீடுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. எங்கள் ஊரில் காணிகளுக்குப் பெயர் இருக்கிற மாதிரி. ஆள் மாறினாலும் வீட்டின் பெயர் மாறாது, வந்து குடியேறுகிறவரை வீட்டின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர்களை அண்ணை தமிழில் மாற்றி வைத்திருந்தார்: ஊற்றடி வீடு, மணியடி வீடு, சாம்பல் வீடு, மேல் வீடு. அவற்றை வைத்துத்தான் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தார்.

நான் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்பது அவருக்குத் தெரிந்த கதை சிறியது. ஒருநாள் தமிழ்ப் பத்திரிகையை என்னிடம் நீட்டி, மரண அறிவித்தலில் இருக்கிறது யார் என்று பார்க்கச் சொன்னார், தன் கண்ணாடியைக் காணவில்லை என்று. நான் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு படங்களையே பார்த்தேன். அவர் அதை வாங்கி மடித்து வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர். நான் பிறந்த பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். இதையெல்லாம் நாங்கள் கதைக்கவில்லை. அடுத்த நாள் மேசையில் பென்சில் இருந்தது.

நான் எழுதிய முதல் சொல் 'சாம்பல்'. என் பெயரில் எழுத்துகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்பதால் அதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தார். சாம்பலை எழுதி முடித்ததும் அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தன்ர பேரை எழுத முன்னம் சாம்பலை எழுதின மனிசன் உலகத்தில நீர் ஒராள்தான்" என்றார். ஒரு பெயர் எழுதினால் அந்த வீட்டின் கதை ஒன்று கிடைக்கும். கதைக்காகவே நான் கெதியாகப் படித்தேன் என்று நினைக்கிறேன்.

'மேல் வீடு' என்று எழுதிய அன்று சொன்ன கதைதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது.

அந்த ஊர் வேதக்கோயில் மணியை இரண்டு உலக யுத்தத்திலும் அரசாங்கம் கழற்றிக் கொண்டுபோய் உருக்கிவிட்டது. மணி இல்லாததால் ஊரில் யாரும் இறந்தால் தெரிவிக்க வழி இல்லாமல் போனது. ஆகவே ஆள் போய் வீடு வீடாகச் சொல்லுகிற வழக்கம் வந்தது. பிறகு புது மணி வாங்கினார்கள், டெலிபோனும் வந்தது. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அதற்கு முறை இருக்கிறது. சாவு வீட்டுக்கு மலைப் பக்கம் இருக்கிற வீட்டார் பெட்டி தூக்குகிறவர்களைச் சேர்க்க வேண்டும். பள்ளப் பக்கம் இருக்கிற கீழ் வீட்டுக்காரர் கறுப்புக் கோட்டுப் போட்டு, தடி பிடித்து, ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

விடுதிக்கு மேல் வீட்டில் ரெசி என்ற கிழவியும் புருஷனும் இருந்தார்கள். ஒரு மாரியில் புருஷன் இறந்து போனார். ஊர் மனிதர்கள் ரெசியின் வீட்டில் கூடி யோசித்தார்கள். கீழ் வீடு விடுதி. அதில் இருப்பது ஒரு வெளிநாட்டான். பாஷை சரியாக வராது. இன்றைக்கு இருப்பான், நாளைக்கு இருப்பானோ தெரியாது. அதற்கும் கீழே இருக்கிற வீட்டுக்காரர் போகட்டும் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அப்போது ரெசி, "கீழ் வீட்டில் ஆள் இருக்கிறது" என்று மட்டும் சொன்னாளாம். உடனே எழும்பி அவளோடு விடுதிக்கு வந்தார்களாம்.

"என்னை வந்து கேட்டினம்" என்றார் அண்ணை. "இந்த வேலைக்கோ என்னைக் கூப்பிடுகினம் எண்டு நினைச்சன்." அப்படி நினைத்தவர், அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்ததும் மறுக்க முடியாமல் போனார். இறந்தவருடைய கோட்டையே ரெசி எடுத்துக் கொடுத்தாள். அது அவருக்குக் கணுக்கால் வரை வந்தது. சொல்ல வேண்டியதைப் பள்ளிக்கூட ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார்: மேல் வீட்டிலிருந்து வருகிறேன், அவர் போய்விட்டார், இன்ன நாளில் எடுக்கிறோம், வாருங்கள். அதைப் பனிக்குள் நடந்து நடந்து பாடமாக்கினாராம்.

முதல் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் உள்ளே போய் நடு அறையில் நின்றதும் கரண்டியை வைத்துவிட்டு எல்லாரும் எழும்பினார்கள். அங்கே நடக்கமாட்டாத கிழவர் ஒருவர் இருந்தார். அவரையும் இரண்டு பேர் பிடித்து எழுப்பினார்கள். அப்படியே ஊர் முழுவதும். "மார்க்கண்டு, ஒரு வீட்டிலயும் ஒருத்தரும் இருந்துகொண்டு கேக்கேல்லை. எனக்கெண்டு எழும்பேல்லை அவை. செய்தி கொண்டு வாறவனுக்கெண்டு எழும்புகினம்" என்றார்.

ஒரு பிழையும் விட்டார். அங்கே செய்தி சொல்லுகிறவர் புறப்படும்போது, பிறகு சந்திப்போம் என்று எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதையும் ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் செத்த வீட்டுக் காரியத்தில் போயிட்டு வாறன் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு வருமா? அவருக்கும் வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி முடித்ததும் பேசாமல் திரும்பி நடந்துவிட்டார். ஊரார் பின்னால் நின்று பார்த்தார்கள். கோபித்திருப்பார்கள் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அடுத்த வருஷம் மணியடி வீட்டில் சாவு. அதற்குக் கீழ் வீட்டுக்காரர் இவருடைய விடுதிக்கும் வந்து செய்தி சொன்னார். சொல்லிவிட்டு, கை கொடுக்காமல், பேசாமல் திரும்பி நடந்தார். அதுதான் மரியாதை என்று அந்த ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போதும் அப்படித்தான் என்று ரெசியின் மகள் நத்தார்ப் பண்டிகை வாழ்த்தில் ஒருமுறை எழுதியிருந்தாள். கண்ணாடிச் சூளைக்காரர், தீ, மணி என்று போகிற அந்த ஊரின் சரித்திரத்தில் ஒரு யாழ்ப்பாணத்து மனிதன் செய்த பிழையும் இருக்கிறது. அவருக்கு அதில் சொல்லமுடியாத பெருமை.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அப்புவுக்கு, என்னைப் பெற்றவருக்கு, எங்கள் ஊரில் அதுதான் வேலை. பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் அவரைத்தான் வீடு வீடாகச் சொல்ல அனுப்புவார்கள். அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வேலிப் படலைக்கு வெளியே நின்று சொல்லுவார். உள்ளே இருக்கிறவர்கள் கதிரையில் இருந்தபடி கேட்பார்கள். மழை என்றாலும் படலைக்கு வெளியேதான். நல்லதம்பி அண்ணை வீட்டுப் படலையடியிலும் நின்றிருக்கிறார். சின்னப் பிள்ளையாக நானும் பின்னால் நின்றிருக்கிறேன்.

அண்ணை சொன்னார்: "நான் செத்தால் நீர்தான் வீடு வீடாப் போய்ச் சொல்லவேணும். இந்தத் தெருவில என்ர கீழ் வீடு நீர்தான்." எங்கள் தெருவில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பஸ் நிற்கிற பக்கம் பள்ளம் என்று அவராகத் தீர்மானித்து வைத்திருந்தார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

"அண்ணை, அந்த வேலை என்ர அப்புவோட முடிஞ்சுது" என்றேன்.

"ஓம்" என்றார். பிறகு, "நான் உம்மட அப்பு செய்த வேலையைக் கேக்கேல்லை, மார்க்கண்டு. நான் செய்த வேலையைக் கேக்கிறன்" என்றார்.

நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு சுவரில் தட்டிக் கேட்டாலும் போகவில்லை. அந்தத் தட்டல் கொஞ்ச நாள் கேட்டது, பிறகு நின்றது. கடைப் பலகைகளில் பாதி எழுத்தை வாசித்துவிட்டு மீதியை வாசிக்கத் தெரியாமல் நின்றபோது மட்டும் அவரை நினைத்துக்கொள்வேன். ஒருநாள் நானே போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றினார். 'ஊற்றடி வீடு' என்று எழுதித் தந்தார். எழுதினேன். அந்தப் பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆகவே நான் அவருக்கு ஓம் என்று சொன்னதே இல்லை.

அவர் இறந்த அன்று சாந்தி டெலிபோனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து என் கறுப்புக் கோட்டைத் தேடினேன். மோகன் எங்கே போகிறேன் என்று கேட்டான், சொன்னேன். அவன் வேலைக்குப் புறப்பட்டவன், கதவடியில் நின்றுவிட்டான். "அப்பா, எல்லாருக்கும் போன் போயிட்டுது. இனி நீங்கள் போனால் அந்த ஆக்கள் என்ன சொல்லுவினம் தெரியுமே? பழைய ஆள் பழைய வேலைக்கு வந்திட்டான் எண்டு சொல்லுவினம். அதுக்கோ உங்களை இஞ்ச கூப்பிட்டனான்?" என்றான். அவன் சொன்னது பிழை இல்லை. அவன் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அவன் இவ்வளவு பாடுபடுகிறான். சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நடக்கும்போது ஒன்று மட்டும் தீர்மானித்தேன். கதவுக்கு வெளியே நின்று சொல்ல மாட்டேன். உள்ளே கூப்பிடாத வீட்டில் சொல்லாமலே திரும்புவேன்.

முதலில் எங்கள் தெரு முனையில் இருக்கிற கனகம்மா அக்கா வீடு. அவர் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். "ஓம் மார்க்கண்டு, சாந்தி இப்பதான் போன் எடுத்தவள். உள்ளுக்கு வாரும், இரும்" என்றார். நான் இருக்காமல், குசினி நடுவில் நின்று, பக்கத்து வீட்டிலிருந்து வருகிறேன், நல்லதம்பி அண்ணை போய்விட்டார், எடுக்கிற நாளைச் சாந்தி சொல்லுவாள், வாருங்கள் என்றேன். டெலிபோனில் கேட்ட அதே செய்திதான். ஆனால் அவர் கையில் தட்டகப்பையோடு அப்படியே நின்றார். தோசை கருகிய மணம் வந்தது. நான் பேசாமல் திரும்பி வந்தேன். பின்னால் அவர் அழத் தொடங்கியது கேட்டது.

மனோர் பார்க்கில் அவருடைய மருமகன் முறையான ஒரு பெடியன் வீடு. அவன் ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். "தெரியும் அங்கிள், சாந்தி அக்கா போன் எடுத்தவா. ஐ ஆம் சொறி, பஸ்ஸைப் பிடிக்கவேணும்" என்றான். உள்ளே வந்து சொல்லலாமா என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை, ஆனாலும் கதவை அகலத் திறந்தான். ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் காலுறையுமாக நின்று கேட்டான். பஸ்ஸைத் தவறவிட்டிருப்பான்.

மற்ற வீடுகளும் முடிய, மிஞ்சியது லண்டனின் மறுகோடியில் இருக்கிற ரெய்னர்ஸ் லேன். அங்கேதான் சபாரத்தினத்தார் இருக்கிறார். நல்லதம்பி அண்ணையின் மனைவியின் தமையன். அவரும் எங்கள் ஊர். அப்பு மழையில் நின்ற படலைகளில் அவருடைய வீட்டுப் படலையும் ஒன்று. லண்டனில் கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். ரெயின் மாறி மாறிப் போனேன். போகிற வழியில் திரும்பி விடலாமோ என்று நினைத்தேன். ஸ்டேஷன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கப் பார்த்தேன், அது ஆங்கிலம், எனக்கு இன்னும் வராது. எண்ணிக்கொண்டு போய் இறங்கினேன்.

அவருடைய மருமகள் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னாள். அவர் சாய்வு நாற்காலியில், முன்னால் டெலிவிஷன். பக்கத்தில் பிடித்து நடக்கிற சட்டம். நான் அறையின் நடுவில் கம்பளத்தில் நின்றேன்.

"காலமை டெலிபோன் வந்தது. எல்லாம் தெரியும்" என்றார், டெலிவிஷனைப் பார்த்தபடி.

"தெரிஞ்சுதான் இருக்கும் ஐயா. நான் அவருக்குக் கீழ் வீட்டுக்காரன். சொல்லத்தான் வேணும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஜேர்மன் ஊர்க் கதையை அவரும் எத்தனை கலியாண வீட்டில் கேட்டிருப்பார். கேட்டுச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியாது. டெலிவிஷனில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பலாம் என்று இருந்தேன்.

"அதை நிப்பாட்டு பிள்ளை" என்றார் மருமகளிடம். சட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் பிடித்து எழும்பப் பார்த்தார். பாதியில் பின்னால் விழுந்தார். "மாமா, இருங்கோ, ஏலாது" என்று அவள் ஓடி வந்தாள்.

"ஏலும்" என்றார்.

எழும்பினார். வேட்டியை ஒரு கையால் சரிசெய்துவிட்டு என்னை நேரே பார்த்தார்.

"இப்ப சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். பேசாமல் திரும்பி வெளியே வந்தேன். கதவடியில் திரும்பிப் பார்த்தேன், அவர் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். ஸ்டேஷனில் வந்த ரெயினைப் போக விட்டுவிட்டு வாங்கில் இருந்தேன். சந்தோஷமா, கவலையா என்று யாரும் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அடுத்த ரெயினில் ஏறினேன். அன்று பின்னேரம் மோகன் வேலையால் வந்து, எல்லா வீட்டுக்கும் போனீர்களா என்று கேட்டான். ஓம் என்றேன். சாப்பாட்டைச் சூடாக்கி என் முன்னால் வைத்தான்.

எரித்த அன்று நிறையப் பேர் வந்தீர்கள். யார் யார் என்ன பேசினீர்கள் என்று எனக்கு நினைவில் இல்லை. மன்னிக்க வேண்டும். சபாரத்தினத்தார் வந்திருந்தார் என்று சாந்தி சொன்னாள்.

நல்லதம்பி அண்ணையிடமிருந்து என்ன வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று சாந்தி கேட்டாள். அவருடைய கம்பளிக் கழுத்துத் துண்டு, கைக்கடிகாரம் என்று மேசையில் பரப்பி வைத்திருந்தாள். நான் ஒன்றும் எடுக்கவில்லை. நான் வைத்திருப்பது அந்த வேலைதான். அப்பு செய்ததும் அதே வேலை, அண்ணை செய்ததும் அதே வேலை. அப்பு அதை வெளியே நின்று செய்தார். நான் உள்ளே நின்று செய்தேன். எழுத்தையும் தந்தார்தான். ஆனால் எழுத்தை வேறு யாராவது எனக்குத் தந்திருக்கக் கூடும். இதைத் தர வேறு ஒருவரும் இருக்கவில்லை.

ஒரு இடத்துக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. ரெசியின் மகளுக்கு டெலிபோன் எடுக்கட்டுமா என்று சாந்தி கேட்டாள், ஜேர்மன் பாஷை தெரிந்த சிநேகிதி ஒருத்தி இருக்கிறாளாம். வேண்டாம், நான் எழுதுகிறேன், கீழே அவள் ஜேர்மன் மொழியில் எழுதித் தரட்டும் என்றேன். மலையேறி வீடு வீடாகப் போக எனக்கு ஏலாது. கடிதம் போய்ச் சேர்ந்தால் அந்த ஊர்க் கீழ் வீட்டில் இப்போது இருக்கிறவர் கோட்டைப் போட்டுக்கொண்டு மீதியைப் பார்த்துக்கொள்வார். ஆனால் இன்று இதை எழுதியதிலேயே கை விறைத்துப் போனது. வருகிற கிழமை, வெள்ளிக்கிழமைக்குள், எழுதிவிடுவேன். அதுவரைக்கும் அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே அவருக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது.